கிரேக்க வீரர் கதைகள்: நாம் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

டிராய் நகரத்து மரக்குதிரை எந்தக் காவியத்தில் வருகிறது? வினாடி வினாவில் இதைக் கேட்டால் ‘இலியட்’ என்ற பதில் யோசிக்காமல் வரும். பல நேரம் விடைத்தாளிலும் அதுதான் இருக்கும். இலியட்டின் பதினைந்தாயிரத்துச் சொச்சம் அடிகளைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் அந்தக் குதிரை அகப்படாது. டிராய் எரிவது அதில் இல்லை. அக்கிலீஸ் சாவதும் இல்லை.

கிரேக்கர்கள் டிராயை முற்றுகையிட்ட பத்தாண்டுப் போரின் முழுக் கதையைச் சொல்ல, இலியட்டைப் பாடிய ஹோமர் முயலவே இல்லை. போரின் பத்தாம் ஆண்டில் சில வாரங்கள், அவ்வளவுதான். அக்கிலீஸுக்குப் போர்ப் பங்காகக் கிடைத்த பிரிசேயிஸ் என்ற பெண்ணைத் தலைவன் அகமெம்னன் பறித்துக்கொள்கிறான். சபையில் அவமானப்பட்ட அக்கிலீஸ், இனிச் சண்டைக்கு வரமாட்டேன் என்று கூடாரத்தில் உட்கார்ந்துவிடுகிறான். அவன் உயிர்த்தோழன் பட்ரோக்ளஸ் அவனுடைய கவசத்தை மாட்டிக்கொண்டு போய் ஹெக்டரிடம் சாகிறான். அக்கிலீஸ் ஹெக்டரைக் கொன்று, உடலைத் தேரில் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறான்.

கடைசிப் பகுதியில் ஹெக்டரின் கிழத்தந்தை பிரியாம், இரவோடு இரவாக எதிரியின் கூடாரத்துக்குள் நுழைந்து, தன் பிள்ளைகளைக் கொன்ற அந்தக் கைகளை முத்தமிடுகிறார். ‘உன் அப்பாவை நினைத்துப் பார்’ என்கிறார். இருவரும் அழுகிறார்கள், ஒருவர் மகனுக்காக, மற்றவன் தகப்பனுக்காகவும் தோழனுக்காகவும். பிறகு அக்கிலீஸ் ஆடு அறுத்து அவருக்குச் சாப்பாடு போடுகிறான். இறுதிச் சடங்குக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்கிறான். ஒன்பது நாள் அழுகிறோம், பத்தாம் நாள் எரியூட்டுகிறோம், பதினொன்றில் மேடு எழுப்புகிறோம், பன்னிரண்டாம் நாள் வேண்டுமானால் சண்டையைத் தொடரலாம் என்கிறார் கிழவர். ஹெக்டரின் ஈமச்சடங்கோடு இலியட் முடிகிறது. குதிரையைத் தேடி வருபவர்கள் இந்தக் காட்சியைத் தவறவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

குதிரை ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் வருகிறது, அதுவும் பிறர் வாயால். ஸ்பார்ட்டா அரசன் மெனலாஸ் பழைய கதையாகச் சொல்கிறான், பார்வையற்ற பாடகன் டெமோடோகஸ் அரசவையில் பாடுகிறான். நாம் அறிந்த விரிவான வடிவம், பாம்புகள் வந்து டிராய்ப் பூசாரி லவோகூனையும் அவன் பிள்ளைகளையும் சுற்றி நெரிப்பது உட்பட, கி.மு. 1ஆம் நூற்றாண்டு ரோமானியக் கவி வர்ஜிலின் ஈனியட் காவியத்தில் இரண்டாம் பகுதி. தோற்றவன் பக்கத்திலிருந்து, தப்பி ஓடிவந்த ஈனியாஸ் சொல்லும் கதை அது. ஹோமருக்கும் வர்ஜிலுக்கும் நடுவே இந்தப் போரைப் பாடிய வேறு கிரேக்கக் காவியங்கள் இருந்தன. அவை அழிந்துபோய், பிற்காலத்தில் ஒருவர் எழுதிவைத்த சுருக்கமும் சில துண்டுகளும்தான் மிச்சம்.

கிரேக்கர்களிடம் இதுதான் அதிகாரபூர்வமான பதிப்பு என்று முத்திரை குத்திய புராண நூல் எதுவும் கிடையாது. சுமார் ஆயிரம் ஆண்டுகளில், வெவ்வேறு ஊர்க்காரர்கள், வெவ்வேறு காரணங்களுக்காகச் சொன்ன கதைகள் இவை. ஆகவே ‘கிரேக்கப் புராணத்தின்படி’ என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போதே கையை நிறுத்தி, யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்டுக்கொள்வது நல்லது. கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்தவைதான்.

குதிகால் விவகாரம்

அக்கிலீஸின் தாய் தீட்டிஸ், குழந்தையைக் குதிகாலைப் பிடித்துத் தலைகீழாகப் பாதாள உலகத்து ஸ்டிக்ஸ் நதியில் முக்கினாள். நீர் படாத குதிகால் தவிர உடம்பில் வேறெங்கும் ஆயுதம் ஏறாது. டிராய் இளவரசன் பாரிஸின் அம்பு அங்கே பாய்ந்தது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஹோமருக்கு மட்டும் தெரியாத கதை.

இலியட்டின் 21ஆம் பகுதியில் அஸ்டெரோபயஸ் என்றொரு வீரன் வருகிறான். இரண்டு கையாலும் எறியத் தெரிந்தவன். ஒரே நேரத்தில் இரண்டு ஈட்டிகளை விடுகிறான். ஒன்று கேடயத்தில் மோதி நிற்கிறது. மற்றது அக்கிலீஸின் வலது முன்கையை உரசிப் போகிறது. கருஞ்சிவப்பாய் ரத்தம் பீறிடுகிறது. ஆயுதம் ஏறாத உடம்பில் ரத்தம் எப்படி வரும்? அது போகட்டும், ஆயுதமே ஏறாதவனுக்குத் தேவ கொல்லன் ஹெஃபைஸ்டஸ் ராத்திரி முழுக்க உட்கார்ந்து புதுக் கவசம் அடிப்பானேன்?

ஹோமரின் அக்கிலீஸ் எந்த நேரமும் சாகக்கூடியவன். அவன் கதையின் முழு எடையும் அதில்தான் இருக்கிறது. இங்கேயே நின்று சண்டை போட்டால் இளம் வயதில் சாவு, அழியாத புகழ். ஊர் திரும்பினால் நீண்ட ஆயுள், பெயர் இருக்காது. இந்த இரண்டில் ஒன்று என்று தாய் சொன்னதை அவனே 9ஆம் பகுதியில் சொல்கிறான். தெரிந்துகொண்டே நிற்கிறவன் அவன். குதிகாலைத் தவிர மற்றதெல்லாம் இரும்பு என்று ஆக்கிவிட்டால் அந்தத் துணிச்சலுக்கு என்ன மதிப்பு இருக்கிறது?

குழந்தையை ஸ்டிக்ஸில் நனைத்த செய்தி நமக்கு முதலில் கிடைப்பது கி.பி. 1ஆம் நூற்றாண்டில் ஸ்டேஷியஸ் என்ற ரோமானியக் கவி எழுதி முடிக்காமல் விட்ட காவியத்தில். ஹோமருக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர் அவர். அதற்கு முன் கிரேக்கர்கள் சொன்னது வேறு: தாய் குழந்தைக்குப் பகலில் அமுதம் பூசி, இரவில் நெருப்பில் வைத்து, அதன் மனிதத்தன்மையைச் சுட்டெரிக்கப் பார்த்தாள், தகப்பன் பெலியஸ் ஒருநாள் பார்த்துவிட்டு அலறினான், வேலை பாதியில் நின்றது.

இங்கே எதிர்ப்பக்கம் சறுக்குவதும் உண்டு. குதிகால் கதையே ரோமானியர்கள் கட்டிவிட்டது என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் சரியில்லை. கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் கிரேக்கச் சாடி ஒன்றில், விழுந்து கிடக்கும் அக்கிலீஸின் கணுக்காலில் அம்பு தைத்திருப்பதாக வரைந்திருந்தார்கள். சாடி இப்போது தொலைந்துவிட்டது, அதைப் பார்த்து வரைந்த படம் இருக்கிறது. ஆக, காலில் பட்ட அம்பு பழையது. உடம்பெல்லாம் இரும்பு, குதிகால் மட்டும் சதை என்ற விளக்கம்தான் புதியது. மருத்துவர்கள் சொல்லும் அக்கிலீஸ் தசைநார் அதைவிடப் புதியது. உடற்கூற்றியல் அறிஞர் பிலிப் வெர்ஹேயன் 1693இல் வெளியிட்ட நூலில் அந்தப் பெயரைக் கொடுத்தார்.

வீரனை நல்லவனாக்கும் ஆசை

சிறுவர்களுக்குக் கதை எழுதும்போது இந்த ஆசை அதிகம் வரும். ஹெராக்ளிஸ் (நாம் ஹெர்குலிஸ் என்பவன்) பலவீனர்களைக் காத்தவன், ஏதென்ஸ் அரசன் தீசியஸ் நீதிமான், அக்கிலீஸ் நண்பனுக்காக உயிர் கொடுத்தவன் என்று ஓர் அறநெறிப் பொட்டு வைத்து முடிப்போம். பழைய நூல்களைப் புரட்டினால் பொட்டு நிற்காது. இஃபிட்டஸ் என்பவன் காணாமற்போன குதிரைகளைத் தேடி ஹெராக்ளிஸின் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறான். ஹெராக்ளிஸ் அவனைத் தன் வீட்டிலேயே கொன்றுவிட்டுக் குதிரைகளை வைத்துக்கொள்கிறான். இதைச் சொல்வது ஹோமர், ஒடிசியின் 21ஆம் பகுதியில். சாப்பாடு போட்ட மேசையைக்கூட மதிக்கவில்லையே என்று கண்டித்தும் சொல்கிறார். தீசியஸ், பின்னாளில் டிராய்ப் போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட ஹெலனை, சின்னப் பெண்ணாக இருந்தபோதே தூக்கிக்கொண்டு போனவன். அவள் அண்ணன்மார் படையோடு வந்து மீட்க வேண்டியிருந்தது.

கிரேக்க ஊர்களில் வீரன் என்பவன் செத்த பிறகு கல்லறையில் படையல் பெறுகிறவன். உதவவும் செய்வான், கோபம் வந்தால் ஊரைக் கெடுக்கவும் செய்வான். நல்லவனா என்று யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. இதற்கு நான் எப்போதும் காட்டும் ஆள் கிளியோமிடிஸ். அஸ்டிபலேயா தீவைச் சேர்ந்த குத்துச்சண்டைக்காரன். கி.மு. 492 ஒலிம்பியா போட்டியில் எதிராளி இக்கஸைக் கொன்றுவிட்டான். நடுவர்கள் முறைகேடு என்று வெற்றியைப் பறித்தார்கள். துயரத்தில் புத்தி பேதலித்து ஊர் திரும்பியவன், ஒரு பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து கூரையைத் தாங்கிய தூணை இழுத்துத் தள்ளினான். உள்ளே சுமார் அறுபது பிள்ளைகள். கூரை அவர்கள்மேல் விழுந்தது. ஊரார் கல்லெறிந்து துரத்த, அதீனா கோயிலுக்குள் ஓடி அங்கிருந்த பெட்டிக்குள் இறங்கி மூடியை உள்ளிருந்து இழுத்துக்கொண்டான். திறக்கப் பார்த்து முடியாமல், கடைசியில் பலகைகளை உடைத்தார்கள். உள்ளே உயிரோடும் இல்லை, பிணமாகவும் இல்லை. டெல்ஃபியில் போய்க் குறி கேட்டார்கள். வீரர்களில் கடைசி ஆள் அவன், இனி அவன் மனிதன் இல்லை, பலி கொடுத்துக் கும்பிடுங்கள் என்று வாக்கு வந்தது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பவுசானியஸ் இதைப் பதிந்திருக்கிறார், ஊரார் அன்று முதல் அவனைக் கும்பிட்டு வருவதாகவும் சொல்கிறார். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனுக்குக் கோயில் கட்டிப் பொங்கல் வைக்கும் நமக்கு இந்தக் கணக்கு புரியாமல் போகாது. படித்த ஆங்கிலச் சிறுவர் நூல்களை ஓரமாக வைத்துவிட்டால் போதும்.

ஹெராக்ளிஸும் அவன் வேலைகளும்

முதலில் பெயர். சைக்கிள் புண்ணியத்தில் நமக்கு ஹெர்குலிஸ்தான் பழக்கம். அது ரோமானிய வடிவம். ஹெர்குலிஸ் என்று எழுதுவதில் குற்றமில்லை. ஹெர்குலிஸ் என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் ஜீயஸ், ஹீரா என்று போடுவதுதான் உறுத்தும். ஒன்று ஹெர்குலிஸ், ஜூப்பிடர், ஜூனோ. இல்லையேல் ஹெராக்ளிஸ், ஜீயஸ், ஹீரா.

ஹீரா அவன் தாய் என்று எழுதுவது அதைவிடப் பெரிய சறுக்கல். 1997இல் வந்த டிஸ்னி கார்ட்டூனில் அப்படித்தான் காட்டினார்கள், குழந்தைப் படத்துக்கு அது வசதி. பழங்கதையில் தாய் அல்க்மீனி என்ற மனிதப் பெண். ஹீரா அவனுக்கு ஜென்மப் பகை. அவன் பிறப்பைத் தாமதப்படுத்தி, அரசுரிமையை யூரிஸ்தியஸுக்குப் போகவிட்டவள். தொட்டிலுக்குப் பாம்பு அனுப்பியவள். பிற்பாடு பைத்தியம் பிடிக்கவைத்து, பெற்ற பிள்ளைகளை அவன் கையாலேயே கொல்லவைத்தவளும் அவள்தான். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் யூரிஸ்தியஸ் விதித்த பன்னிரண்டு வேலைகள் என்பது வழக்கமான விளக்கம். அதிலும் ஒரு சிக்கல்: யூரிப்பிடிஸ் நாடகத்தில் வேலையெல்லாம் முடித்து வெற்றியோடு வீடு திரும்பிய பிறகுதான் பைத்தியம் பிடிக்கிறது. பரிகாரக் கணக்கே அங்கே கிடையாது. செய்ததற்கெல்லாம் கிடைத்த கூலி அது. எனக்கு இந்த வடிவம்தான் தாங்க முடியாதது.

பன்னிரண்டு என்ற எண்ணும் ஆரம்பத்திலிருந்தே கல்லில் செதுக்கியதல்ல. அப்பொல்லோடோரஸ் பெயரில் வழங்கும் தொகுப்பில் முதலில் விதித்தது பத்து வேலைதான். பலதலை நாகம் ஹைட்ராவைக் கொல்ல தம்பி மகன் முறையிலான அயோலாஸ் கூட நின்று, வெட்டிய கழுத்துகளைத் தீக்கொள்ளியால் சுட்டான். ஆகவே அது செல்லாது என்றான் யூரிஸ்தியஸ். அவ்ஜியஸின் மாட்டுத்தொழுவத்தைக் கழுவியது கூலிக்குச் செய்தது; அதுவும் செல்லாது. இரண்டு கூடுதல் வேலை. எந்த மேலாளரிடமாவது வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய வாதம்தான். இந்த மேலாளன் வெண்கல ஜாடிக்குள் ஒளிந்துகொண்டு, தூதுவன் வழியாக உத்தரவு போட்டவன். ஹெராக்ளிஸ் பன்றியைத் தோளில் தூக்கிவந்து காட்ட, ஜாடிக்குள்ளிருந்து யூரிஸ்தியஸ் கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்பதை ஏதென்ஸ் சாடி ஓவியர்கள் சலிக்காமல் வரைந்தார்கள். நாம் இன்று சொல்லும் பன்னிரண்டும் வரிசையாகக் கல்லில் நிற்பது ஒலிம்பியாவின் ஜீயஸ் கோயிலில், கி.மு. 5ஆம் நூற்றாண்டின் முற்பாதியில். முன்பக்கம் ஆறு, பின்பக்கம் ஆறு.

அந்தச் சிற்பங்களில் ஒன்று இன்னொரு பிழையையும் திருத்தும். அட்லஸ் பூமியைச் சுமக்கிறான் என்று நினைக்கிறோம். அவன் சுமப்பது வானத்தை. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் அட்லஸ் தோளில் இருக்கும் பளிங்கு உருண்டைகூட வானக்கோளம்தான், கிட்டப் போனால் அதன்மேல் நட்சத்திர மண்டலங்கள் செதுக்கியிருப்பது தெரியும். ஒலிம்பியா சிற்பத்தில் அட்லஸ் தங்க ஆப்பிள்களோடு திரும்பி வந்து நிற்கிறான், அதுவரை அவனுக்குப் பதிலாக வானத்தைத் தாங்குவது ஹெராக்ளிஸ். பின்னால் அதீனா ஒற்றைக் கையை உயர்த்தி, பரண்மேல் பாத்திரம் வைப்பவள் மாதிரி சாவகாசமாக முட்டுக்கொடுக்கிறாள். ஹெராக்ளிஸின் பிடரிக்கும் சுமைக்கும் நடுவே மடித்துவைத்த மெத்தை ஒன்று இருக்கிறது: சும்மாடு. கதையிலும் அந்தச் சும்மாடுதான் அவனைக் காப்பாற்றுகிறது. ஆப்பிளை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அட்லஸ் நழுவப் பார்க்க, ‘சரி, தலையில் சும்மாடு வைத்துக்கொள்கிறேன், ஒரு நிமிஷம் பிடி’ என்று வானத்தை அவன் தலையிலேயே ஏற்றிவிட்டு ஆப்பிளோடு நடையைக் கட்டுகிறான். வெறும் தசைமலையாகவே அவனைக் காட்டுபவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மெடூசா, பெகாசஸ், கிராக்கன்

பெர்சியஸ் பறக்கும் குதிரை பெகாசஸில் ஏறிப்போய்க் கிராக்கனைக் கொன்று ஆந்த்ரோமீடாவை மீட்டான் என்று ஒரே வாக்கியத்தில் எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். இதில் இரண்டு பேர் இடம் மாறிவந்தவர்கள். பழைய நூல்களில் பெர்சியஸ் பறப்பது சிறகு வைத்த செருப்பு மாட்டிக்கொண்டு. பெகாசஸ், பார்த்தவரைக் கல்லாக்கும் மெடூசாவைப் பெர்சியஸ் கொன்றபோது அவள் வெட்டுண்ட கழுத்திலிருந்து பிறந்தது. அதை அடக்கி ஏறிச் சவாரி செய்தவன் கொரிந்த் நகரத்துப் பெல்லரோஃபோன். அதன்மேலிருந்துதான் கைமீரா என்ற நெருப்பு விலங்கைக் கொன்றான். பிற்பாடு அதிலேயே ஏறித் தேவலோகம் போகப் பார்த்துக் கீழே விழுந்தான். கிராக்கனோ நார்வே மாலுமிகளின் கடற்பூதம், கிரேக்கத்துக்குச் சம்பந்தமில்லாதது. 1981இல் வந்த ஒரு ஹாலிவுட் படம் அதைக் கொண்டுவந்து இங்கே விட்டது. கிரேக்கர்கள் பெயர் வைக்காமல் கடல்மிருகம் என்று மட்டும் சொன்னார்கள்.

மெடூசா விஷயம் இப்போது சூடானது. அழகான பெண்ணாக இருந்தாள், அதீனா கோயிலில் கடல்தெய்வம் அவளைக் கெடுத்தான், தண்டனை அவளுக்கே கிடைத்துக் கூந்தல் பாம்பானது. இந்தக் கதையைச் சொல்பவர் ரோமானியக் கவி ஓவிட், கி.பி. 8ஐ ஒட்டி நிறைவுற்ற உருமாற்றக் கதைகளில். அதற்கு எழுநூறு ஆண்டு முன் கிரேக்கக் கவி ஹெசியட் சொல்வதில் சாபமே இல்லை. மூன்று கார்கன் சகோதரிகளில் சாகக்கூடிய ஒருத்தியாகவே அவள் பிறக்கிறாள். பொசைடன் அவளோடு கூடுவது கோயிலில் இல்லை, வசந்தகாலப் பூக்கள் நிறைந்த புல்வெளியில். லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் கி.மு. 7ஆம் நூற்றாண்டுச் சாடி ஒன்றில் மெடூசாவுக்குத் தலையில் ஒரு பாம்புகூட இல்லை. நீளப் பாவாடை கட்டிய பெண், இடுப்புக்குப் பின்னால் குதிரை உடம்பு. தோளில் பையை மாட்டிய பெர்சியஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் கழுத்தில் வாளை வைக்கிறான்.

அதற்காக ஓவிட் சொன்னது பொய் என்று தள்ளுவதும் கூடாது. கி.மு. 490இலேயே பிண்டார் என்ற கவி அவளை அழகிய கன்னங்கள் உடையவள் என்கிறார். கதை வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஓவிட் சொன்னதை ஓவிட் சொன்னார் என்று எழுதினால் வழக்கு முடிந்தது. அதீனா சபித்தது உண்மையில் மெடூசாவுக்குப் பாதுகாப்பு கொடுக்கத்தான் என்று இணையத்தில் சுற்றும் விளக்கம் மட்டும் வேறு வகை. அதற்குப் பழைய நூல் ஆதாரம் எதுவும் இல்லை. நம் காலத்துக் கற்பனையாக அது எனக்குப் பிடித்தே இருக்கிறது. ‘பண்டைய கிரேக்கர்கள் நம்பினார்கள்’ என்று அதற்கு முன்னால் போடாமல் இருந்தால் சரி.

ஒடிசியஸ் எத்தனை ஆண்டு அலைந்தான்?

டிராய்ப் போர் முடிந்து கிளம்பிய ஒடிசியஸ் பத்தாண்டுகள் கடலில் அலைந்தான் என்று எழுதுவோம். ஊர் திரும்பப் பத்தாண்டு ஆனது உண்மை. அதில் ஏழு ஆண்டு காலிப்சோ என்ற தேவதையின் தீவில். ஓர் ஆண்டு மாயக்காரி சர்சியின் வீட்டில், தின்று குடித்து, கடைசியில் கூட வந்தவர்களே ‘ஊர் ஞாபகம் இருக்கிறதா’ என்று கேட்கும் வரை. ஒற்றைக்கண் அரக்கன், பாடி மயக்கும் சைரன்கள், ஸ்கில்லா, கரிப்டிஸ் என்ற கடற்பூதங்கள் எல்லாம் மிச்சக் காலத்துக்குள் அடங்கிவிடும். இந்த அற்புதங்களைக் கவி நேரடியாகச் சொல்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 9 முதல் 12 வரையான பகுதிகளில், கப்பலும் பரிசும் தரக்கூடிய அந்நிய அரசன் முன்னால் உட்கார்ந்து ஒடிசியஸே சொல்கிறான். பொய் சொல்வதில் பெயர்பெற்றவன் அவன். எல்லாம் கதையளப்பு என்று முடிவுகட்டவும் முடியாது. அரக்கனின் கண்ணைக் குத்திய விஷயத்தை முதல் பகுதியிலேயே ஜீயஸ் தன் வாயால் சொல்லிவிடுகிறார்.

சைரன்கள் கடற்கன்னிகள் என்பது இன்னொன்று. கிரேக்கக் கலையில் அவர்கள் பெண்தலை வைத்த பறவைகள். பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சாடியில் ஒடிசியஸ் பாய்மரத்தில் கட்டுண்டு தலையை அண்ணாந்து நிற்கிறான், ஒரு சைரன் கண்மூடியபடி தலைகுப்புறக் கடலில் விழுகிறாள். அவர்கள் உடலழகைக் காட்டி மயக்கினார்கள் என்பதும் பிற்காலத்து ஓவியர்கள் வேலை. ஹோமர் அவர்கள் உருவத்தைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை. டிராயில் நடந்ததெல்லாம் எங்களுக்குத் தெரியும், பூமியில் நடப்பதெல்லாம் தெரியும், வந்து கேட்டுவிட்டுப் போ என்றுதான் பாடுகிறார்கள். போர் முடிந்து வரும் ஒரு படைவீரனுக்கு அதைவிடப் பெரிய தூண்டில் என்ன இருக்கிறது!

இன்னும் சில, சுருக்கமாக. தாயையே மணந்துகொண்ட ஈடிபஸ், தாய்மேல் ஆசைப்பட்டவன் இல்லை. அவளைத் தாய் என்றே அறியாதவன், அப்படி நடந்துவிடக்கூடாது என்றுதான் வளர்ந்த ஊரான கொரிந்தைவிட்டே ஓடினான். அவன் கண்ணைக் குத்திக்கொள்வது சோஃபோக்ளிஸ் நாடகத்தில். ஒடிசியில் தாய் தூக்கில் தொங்கிய பிறகும் அவன் தீப்ஸை ஆண்டுகொண்டிருக்கிறான். ஹெலன் டிராய்க்குப் போனாளா என்பதுகூடத் தீர்ந்த விஷயமல்ல, கி.மு. 412இல் அரங்கேறிய யூரிப்பிடிஸ் நாடகத்தில் பாரிஸ் கூட்டிப்போனது மேகத்தால் செய்த போலி உருவம், நிஜ ஹெலன் எகிப்தில் பத்திரமாக இருக்கிறாள். ஹேடிஸ் சாத்தான் இல்லை, செத்தவர்களின் அரசன், கறாரானவன், கெட்டவனல்ல. சினிமாவில் அகமெம்னன் டிராயிலேயே செத்ததைப் பார்த்திருந்தால் மறந்துவிடுங்கள். அவன் வெற்றியோடு வீடு திரும்பி, மனைவி கிளைட்டெம்னெஸ்ட்ராவின் சதியில் சாக வேண்டியவன். அந்தச் சாவு இல்லாமல் எஸ்கிலஸின் மூன்று நாடகங்களுக்கு வேலையே இல்லை.

தோண்டியெடுத்த ‘ஆதாரங்கள்’

டிராய்ப் போர் உண்மை என்று தொல்லியல் நிரூபித்துவிட்டது என்ற தலைப்பு அடிக்கடி கண்ணில் படும். கூடவே அகமெம்னனின் தங்க முகமூடி படம். ஹைன்ரிஷ் ஷ்லீமன் துருக்கியின் ஹிசார்லிக் மேட்டில் 1870களில் தோண்டினார். அந்த இடத்தில் தோண்டலாம் என்று அவருக்குச் சொன்னவர், மேட்டில் ஒரு பகுதிக்குச் சொந்தக்காரரான ஃபிராங்க் கால்வர்ட். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. 1873இல் கிடைத்த பொற்குவியலை ஷ்லீமன் பிரியாமின் புதையல் என்றார். மனைவி சோஃபியாவுக்கு அந்த நகைகளைப் போட்டுப் படமும் எடுத்தார். அந்த நகைகள் கிடைத்த அடுக்கு, போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தியது. பிரியாம் காலத்து அடுக்கைத் தேடிப் போனவர், அதை நடுவில் அகழி வெட்டிச் சிதைத்துவிட்டுக் கீழே போயிருந்தார். புதையல் 1945இல் பெர்லினிலிருந்து காணாமற்போய், பிறகு மாஸ்கோவில் இருப்பது தெரியவந்தது. முகமூடி 1876இல் கிரேக்கத்தின் மைசீனியில் கிடைத்தது. கி.மு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிரேக்கர்கள் போரின் முடிவுக்குக் குறித்த ஆண்டு கி.மு. 1184. முகமூடிக்கு உரியவன் யாராக இருந்தாலும் அகமெம்னனாக இருக்க முடியாது.

உறுதியாகச் சொல்லக்கூடியதும் இருக்கிறது. ஹிசார்லிக்கில் வெண்கலக் கால இறுதியில் மதில் சூழ்ந்த பெரிய ஊர் இருந்தது, கி.மு. 1180ஐ ஒட்டி அழிவையும் சந்தித்தது. அன்று துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் அரசின் களிமண் ஆவணங்களில் விலூசா என்றொரு நாடு வருகிறது. டிராயின் மறுபெயரான இலியோனும் அதுவும் ஒன்று என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அதன் அரசன் ஒருவன் பெயர் அலக்சாந்து. பாரிஸுக்கு அலெக்சாந்தர் என்று இன்னொரு பெயர் இருப்பதால் இது ஆர்வத்தைக் கிளப்புகிறது. ஆனால் அந்த அலக்சாந்து பெண்ணைத் தூக்கிவந்தவனாக அல்ல, ஹிட்டைட் பேரரசனோடு உடன்படிக்கை செய்துகொண்ட சிற்றரசனாகவே வருகிறான்.

1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக்காட்டிய மைசீனிய எழுத்துப் பலகைகளில் அக்கிலீஸ், ஹெக்டர் என்ற பெயர்கள்கூடக் கிடைத்திருக்கின்றன. இதோ மாட்டிக்கொண்டார்கள் என்று துள்ளிவிட வேண்டாம். அவை போர்க்குறிப்புகள் அல்ல, அரண்மனை எழுத்தர்கள் எழுதிவைத்த பதிவேடுகள். அந்தக் காலத்தில் சாதாரண ஆட்களுக்கும் இந்தப் பெயர்கள் இருந்தன என்பதைத்தான் அவை காட்டுகின்றன. ஹெக்டர் என்பவன் பைலோஸ் அரண்மனையின் நிலக் கணக்கில், தெய்வத்தின் ஊழியன் என்ற குறிப்போடு வருகிறான்.